எனக்கும் அதே

உட்காருங்கள் தம்பி. பரவாயில்லை, இடம் இருக்கிறது. ஷூவை மட்டும் கழற்றிப் பாய்க்கு வெளியே வைத்துவிடுங்கள். அப்படி இல்லை, முனை வெளியே பார்க்க வேண்டும். நானும் முதலில் உங்களைப் போலத்தான் வைத்தேன். பக்கத்துப் பாயில் இருக்கிற அந்த அம்மா எழுந்து வந்து, எனக்கு ஒரு வணக்கம் போட்டு, என் செருப்பைத் திருப்பி வைத்து, இன்னொரு வணக்கம் போட்டுவிட்டுப் போனார்கள். இந்த வயதில் செருப்பு விடக் கற்றுக்கொண்டேன்.

நீங்கள் போனில் பேசியது காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை. காலையிலிருந்து ஒரு சொல்லும் புரியாத இடத்தில், "எது வாங்கட்டும்னு நீயே சொல்லேம்மா" என்று ஒரு குரல் வந்தால் காது தானாகத் திரும்பிவிடுகிறது. வீட்டுக்காரிதானே? "உங்க இஷ்டம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்களாக்கும். உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அந்த முகம் எனக்குப் பழக்கமான முகம்.

இந்தப் பூங்காவில் எதைத் தின்பது என்று முடிவு செய்வது லேசான காரியம் இல்லை தம்பி. நான் சொல்கிறேன், கேட்டுக்கொண்டு போங்கள். எழுந்து வந்து காட்டலாம், ஆனால் நான் பாயை விட்டு எழுந்திருக்கக் கூடாது. கொஞ்ச நேரத்தில் இந்தப் பாதையில் ஊர்வலம் வரும். வேஷம் கட்டியவர்கள் ஆடிக்கொண்டு, தேர் தேராக வருவார்களாம். முன்வரிசையில் இருந்து பார்க்க வேண்டுமென்றால் முன்கூட்டியே பாய் விரிக்க வேண்டும். விரித்த பாயில் வீட்டு ஆள் ஒருவர் உட்கார்ந்தே இருக்க வேண்டும். நம் ஊர் பஸ் என்றால் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். இங்கே துண்டுக்கு மதிப்பில்லை, ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்.

என் பெயர் காந்திமதிநாதன். திருநெல்வேலி. மின்வாரியத்தில் கணக்குப் பிரிவு. மகள் ரஞ்சனிக்கு இங்கே ஜப்பானில் கம்ப்யூட்டர் வேலை. அவளும் பேத்தியும் ராட்டினத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். என் மனைவி பிரமு, முழுப்பெயர் பிரமநாயகி, தின்பதற்கு வாங்கப் போயிருக்கிறாள். தனியாக. போய் வெகுநேரம் ஆகிறது.

கவலை எல்லாம் இல்லை. எதற்குக் கவலை? பச்சைப் புடவை, அதன்மேல் மகளுடைய கறுப்புக் கோட்டு, கழுத்தில் முயல் முகம் போட்ட பாப்கார்ன் வாளி. அப்படி ஒருவரை வழியில் பார்த்தீர்களா? இல்லையா. சரி. அவளிடம் போன் கிடையாது, அதனால் கேட்டேன். கவலை இல்லை.

அந்த வாளிச் சங்கதி உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. இங்கே பாப்கார்ன் விற்கிற வண்டி ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சுவைதான். ஒரு வண்டியில் தேன். ஒரு வண்டியில் சோயாவும் வெண்ணெயும். கறி மசாலா வண்டி, பேருக்குத்தான் கறி, வெறும் மசாலாத் தூள்தான், பூங்காவின் அந்தக் கோடியில். வாளியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனால் அதிலேயே நிரப்பித் தருவார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் சொர்க்கவாசல் மாதிரி கூட்டம். முட்டாமல், முணுமுணுக்காமல் நிற்கிறார்கள். இது போக, பன் ஒரு பக்கம், நீளமாகப் பொரித்து சர்க்கரையில் புரட்டினது ஒரு பக்கம், ஐஸ் ஒரு பக்கம். எல்லாவற்றையும் தின்ன வயிறும் இல்லை, பொழுதும் இல்லை. ஆக, யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். யோசிப்பதற்கு எங்கள் வீட்டில் நான்தான்.

என் வழி ஒன்றுதான். ஊரில் எந்த ஓட்டலுக்குப் போனாலும் சப்ளையர் ஒப்பிக்கிற பட்டியலை நான் நம்புவதில்லை. கைகழுவப் போகிற சாக்கில் நாலு மேசையைச் சுற்றி வருவேன். எந்த இலையில் என்ன இருக்கிறது, எதை மிச்சம் வைத்திருக்கிறார்கள், எதை வழித்துத் தின்கிறார்கள், பார்த்துவிட்டு வந்துதான் ஆர்டர். இங்கேயும் அதையேதான் செய்தேன். ஒருவர் கழுத்து வாளிக்குள் கொஞ்சம் எட்டிப் பார்த்தேன். அவர் பயந்துபோய் எனக்கு ஒரு பிடி அள்ளிக் கொடுத்துவிட்டார். ரஞ்சனி தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, மானம் போகுதுப்பா. பிச்சை கேக்குற மாதிரி இருக்கு."

நாங்கள் சைவம். மீன் வாடை கூட ஆகாது. அதனால் பன் வண்டியில் போனை நீட்டி, போனே ஜப்பான் பாஷையில் பேசுமே, அதை வைத்து, இந்தப் பன்னில் மீன் உண்டா என்று கேட்டேன். அந்தப் பெண் உள்ளே ஓடினாள். ஒரு தடிப் புத்தகத்தோடு பெரியவர் ஒருவர் வந்தார். இரண்டு பேரும் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். எனக்குப் பின்னால் ஊரே நிற்கிறது. ஒருத்தர் "சீக்கிரம்" என்று சொல்ல வேண்டுமே! கடைசியில் பெரியவர் முகம் வாடிப்போய், இருக்கிறது என்று தலையசைத்து, குனிந்தார். நான் குனிந்தேன். அவர் இன்னும் குனிந்தார். எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. ரஞ்சனிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

இத்தனையிலும் பிரமு வாய் திறக்கவில்லை. அவள் அப்படித்தான். ஆசை என்று ஒன்று அவளுக்குக் கிடையாது தம்பி. காலையில் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு வண்டி முன்னால் நின்றாள். சின்னக் காகிதக் கோப்பையில் மூன்று உருண்டை, மேலே வெள்ளையாக மாவு தூவி. "என்ன பிரமு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. கொழுக்கட்டை மாதிரி இருக்கு."

"கொழுக்கட்டை திங்கவா இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்தோம்? அதை வீட்லயே அவிச்சுக்கிடலாம். உள்ள ஐஸா இருக்கும் போல. உனக்குச் சளி பிடிக்கும்."

"சரி" என்று நடந்து வந்துவிட்டாள். அவ்வளவுதான். வேறு ஒருத்தியாக இருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். பிரமு ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அதுகூட வழியை அடையாளம் வைத்துக்கொள்வதற்காக இருக்கும்.

மத்தியானம்தான் வம்பு வந்தது. சாப்பிட உட்கார்ந்தோம். நான் போர்டில் இருந்த படங்களைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தேன். ரஞ்சனி கேட்டாள். "அம்மா, உனக்கு என்ன வேணும்?"

பிரமு சொன்னாள். "எனக்கும் அதே."

ரஞ்சனி அவளையே பார்த்தாள். "அப்பா இன்னும் எதுவுமே சொல்லலியேம்மா!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரமுவும் சிரித்தாள். ரஞ்சனி சிரிக்கவில்லை. "எதும்மா அதே? இன்னும் வராததுக்கு அதேயா?" என்று பிடித்துக்கொண்டாள். பேத்தி கையைத் தூக்கி, "ஆச்சிக்கும் அதே, எனக்கும் அதே" என்று பாட ஆரம்பித்துவிட்டாள்.

நான் சொன்னேன். "ஏட்டி, உங்கம்மாவுக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா? கல்யாணமான புதுசுல ஜங்ஷன் பக்கம் ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போனேன். ரவா தோசை வாங்கிக் குடுத்தேன். நல்லாருக்குன்னு சொன்னா. இன்னைக்கு வரைக்கும் ரவா தோசைதான். கேட்டுப் பாரு."

ரஞ்சனி, "அம்மா, உனக்கு ரவா தோசை பிடிக்குமா?" என்றாள்.

பிரமு தண்ணீர் குடித்தாள். "மொறுமொறுன்னு இருக்கும்" என்றாள்.

பார்த்தீர்களா? அதில் என்ன சந்தேகம்? ஆனால் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஒருமுறை ஆபீஸ் வேலையாக வெளியூர் போய்த் திரும்பியபோது பக்கத்து வீட்டு அண்ணாச்சி, "பிரமு தங்கச்சியை ஓட்டல்ல பார்த்தேன், அவங்க அக்காகூட உக்காந்து பூரி சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க, ஆளுக்கு ரெண்டு பிளேட்" என்றார். அவர் ஆள் மாறிப் பார்த்திருக்கிறார். பிரமுவுக்குப் பூரி ஆகாது. எண்ணெய். நான்தான் எத்தனையோ தடவை அவளுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேனே.

இங்கே வந்த பிறகு அவளுக்குப் பசியே இல்லை. அது வேறு எனக்கு மனத்தாங்கல். தேடிப் பிடித்து, விசாரித்து, மீன் இல்லாததாக வாங்கிக் கொடுத்தால் பாதியை ஒதுக்கி வைத்துவிடுகிறாள். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போல. சாயங்காலம் ஆனால் அம்மாவும் மகளும் "கீழ கடையில பால் வாங்கிட்டு வர்றோம்" என்று இறங்குகிறார்கள். போனால் போனதுதான். திரும்பி வரும்போது முகத்தில் நல்ல தெளிச்சி இருக்கும், கையில் பால் இருக்காது. கேட்டால் "தீர்ந்து போச்சு" என்பார்கள். இவ்வளவு பெரிய ஊரில் தினமும் பால் தீர்ந்துபோவதை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

சரி, வம்புக்கு வருகிறேன். ரஞ்சனி ஒரு பந்தயம் வைத்தாள். "அப்பா, அம்மா தனியாப் போயி தனக்குப் பிடிச்சதை வாங்கிட்டு வரட்டும். அவ என்ன வாங்கிட்டு வருவான்னு நீங்க முன்னாடியே என் காதுல சொல்லிருங்க. சரியா இருந்தா இந்தப் பேச்சையே நான் இனி எடுக்க மாட்டேன். தப்பா இருந்தா, இனிமே எந்த ஓட்டலுக்குப் போனாலும் அம்மாதான் ஆர்டர் குடுப்பா. ஊருக்குப் போனப்புறமும். உங்களுக்கும் சேர்த்து."

பிரமு, "எனக்கு எதுக்குட்டி இதெல்லாம்? பாஷை தெரியாது, வழி தெரியாது" என்றாள். அப்படிச் சொல்லிக்கொண்டே கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டுவிட்டாள். அதை நான் கவனித்தேன். குளிருக்காக இருக்கும்.

நான் மகள் காதில் சொன்னேன்: கறி மசாலா பாப்கார்ன். ஏனென்றால் காலையிலிருந்து நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மசாலா என்றால் நம் நாக்குக்குச் சேரும், மற்றதெல்லாம் தித்திப்பு என்று. வண்டி தூரம் என்பதால் தள்ளிப்போட்டோம். நான் விரும்பினதைத்தான் அவள் வாங்குவாள். இது ஒரு பந்தயமா? ரஞ்சனி சின்னப் பெண், அவளுக்குத் தெரியவில்லை. ஐந்து விரலையும் மடக்கிக் காட்டி, "நான் ஜெயிச்சாச்சுன்னு வச்சுக்கோ" என்றேன்.

பிரமு கிளம்பும்போது கைப்பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்தாள். நெல்லையப்பர் கோவில் விபூதி. அதில்லாமல் வெளியே கிளம்ப மாட்டாள். காலையில் படகு ராட்டினத்தில் ஏறுமுன் எங்கள் நாலு பேருக்கும் பூசிவிட்டாள். இடுப்புப் பட்டை மாட்டிவிடுகிற பையன் குழம்பிப்போனான். இப்போதும் எனக்குப் பூசி, தானும் பூசிக்கொண்டாள். எனக்கு ஒரு பழக்கம், பூசின விரலில் மிச்சம் இருப்பதை வாயில் போட்டுக்கொள்வேன். சின்ன வயதிலிருந்தே. போட்டுக்கொண்டேன். "பாயைப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் கூட்டத்துக்குள் போனாள். பச்சைப் புடவைக் கரை கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

அப்போதுதான் தம்பி, எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவள் இப்படி எனக்கு முன்னால் எங்கேயும் நடந்து போனதில்லை. நான் போவேன், பின்னால் வருவாள். திரும்பிப் பார்க்கவே வேண்டாம், இருப்பாள். இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன், அவள் போகிறாள். முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேகமாகத்தான் நடக்கிறாள். எனக்கு முழங்கால் வலி என்று என்னோடு மெதுவாக வருகிறவள் அவ்வளவு வேகமாக நடப்பாள் என்று எனக்குத் தெரியாது.

இந்தப் பாயில் உட்கார்ந்து வேறு வேலை இல்லாமல் யோசித்தேன். யோசிப்பது எனக்கு வியாதி. எனக்கும் அதே, எனக்கும் அதே என்று இத்தனை வருஷம் சொல்லியிருக்கிறாள். நான் பெருமையாக நினைத்திருந்தேன். ஒரே ரசனை என்று ஆபீசில் கூடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இன்னும் வராத ஒன்றுக்கு அதே என்று எப்படிச் சொன்னாள்? காதில் வாங்காமலே சொல்கிறாளா? டிக்கெட் கேட்டால் காசை நீட்டுகிற மாதிரி? கறி மசாலாவோடு வந்துவிட்டாள் என்றால் இந்த யோசனை எல்லாம் ஓய்ந்துவிடும். அதனால்தான் பாதையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கவலை இல்லை.

நீங்கள் போக வேண்டுமா? கொஞ்சம் இருங்கள். நான் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்காரிக்குத் தேன் பாப்கார்ன் வாங்கிக் கொடுங்கள். பெண்களுக்குத் தேன் பிடிக்கும். எப்படித் தெரியும் என்றால், பொதுவாகச் சொல்கிறேன். ஏன் சிரிக்கிறீர்கள்?

அதோ. அதோ பாருங்கள், பச்சைப் புடவை! முயல் வாளி! நான் சொன்னேனே, கவலைப்பட ஒன்றுமில்லை என்று. என்ன வாசனை வருகிறது பார்த்தீர்களா? மசாலா! கறி மசாலா! ஜெயித்துவிட்டேன் தம்பி. நீங்கள்தான் சாட்சி.

வா பிரமு, உட்காரு. இது நம்ம ஊர்த் தம்பி. நல்லா இருக்குதானு கேக்குறியா? இரு, ஒரு வாய் போட்டுக்கிடுதேன்.

ம். காரமே இல்லை. தித்திக்கிறது. பரவாயில்லை. தம்பி, நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏட்டி பிரமு, நீயும் எடு. வேண்டாமா? வயிறு நிறைஞ்சிருக்கா? மத்தியானம் பாதிதானே சாப்பிட்ட?

பார்த்தீர்களா தம்பி, பசியே இல்லை என்கிறாள். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை.

அது என்ன, நாடியில, உதட்டுக்குக் கீழ வெள்ளையா? விபூதியா? விபூதியாம் தம்பி. பாஷை தெரியாத கூட்டத்தில் பயந்துபோய் எடுத்துப் பூசியிருக்கிறாள். நெற்றியில் கிளம்பும்போது பூசினது அப்படியே இருக்கிறது, அவசரத்தில் கை தவறி நாடியில் விழுந்திருக்கும். இரு, நான் துடைக்குதேன். சாமி விபூதியைக் கீழே உதறக்கூடாது. இப்படி விரலில் எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு, மிச்சத்தை வாயில்...

தம்பி.

இனிக்கிறது.

ஒன்றுமில்லை, நீங்கள் அந்தப் பக்கம் பாருங்கள். மேளம் கேட்கிறது, ஊர்வலம் வருகிறது போல.

பிரமு. எத்தனை சாப்பிட்ட?

பார்த்தீர்களா, என்னைப் பார்க்க மாட்டாள். தேரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் கையைப் பாருங்கள், மடியில் கையைப் பாருங்கள். மூன்று விரல். காலையில் பார்த்த அந்தக் கொழுக்கட்டை, கோப்பைக்கு மூன்று உருண்டை. எனக்கென்று ஒன்று வைக்கவில்லை. எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் ஒரு லட்டாவது முந்தானையில் முடிந்துகொண்டு வருகிறவள் தம்பி. மூன்றையும் தின்றிருக்கிறாள். அதற்கப்புறம் அவ்வளவு தூரம் நடந்து போய், எனக்காகக் கறி மசாலாவும் வாங்கி வந்திருக்கிறாள்.

அப்படியானால் பந்தயத்தில் யார் ஜெயித்தது? வாங்கி வந்தது கறி மசாலா. வாளியே இருக்கிறது. பிரமுவும் சொல்கிறாள், கேட்டீர்களா, ரஞ்சனி வந்து கேட்டால் நான்தான் ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ளலாமாம். முறைப்படி நான்தான். கணக்குப் பிரிவில் இருந்தவனுக்கு இது தெரியாதா? ஆனால் இன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவளே ஆர்டர் கொடுக்கட்டும் என்று பார்க்கிறேன். பெருந்தன்மைதான். ஊரிலும் கொஞ்ச நாள் கொடுத்துப் பார்க்கட்டும். பூரி என்று சொன்னால் எண்ணெயை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன். சரி, எண்ணெயையும் பார்க்கவில்லை.

என்ன பிரமு? இப்பப் போனா வரிசை இருக்காதா? எல்லாரும் ஊர்வலம் பார்க்க வந்தாச்சா? அப்ப பாய்? நீ பாத்துக்கிடுதியா?

மத்தியானத்திலிருந்து இந்த ஊர்வலத்துக்காக உட்கார்ந்திருக்கிறேன் தம்பி. வரும் நேரத்தில் எழுந்து போகிறேன். வாருங்கள், நீங்களும் வாருங்கள். வாசல் பக்கம் அந்தக் கொழுக்கட்டை வண்டி. உங்கள் வீட்டுக்காரிக்கும் அதையே... இல்லை, நான் சொல்லவில்லை. நீங்கள் போன் போட்டு இன்னொரு தடவை கேளுங்கள். இஷ்டம் என்று சொன்னால் விடாதீர்கள். என் செருப்பு எங்கே? ஆமாம், முனை வெளியே பார்த்துத்தான் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான், காலை விட்டால் நேரே நடக்கலாம்.

பிரமு, நான் அந்தக் கொழுக்கட்டைதான் வாங்கப் போறேன். உனக்கு என்ன வேணும்?

கேட்டீர்களா தம்பி? எனக்கும் அதே என்கிறாள். நான் சொன்னேன் அல்லவா? கல்யாணமான நாளிலிருந்து இவள் இப்படித்தான்.